மலைக்கடையில் இருந்த பாலெல்லாம்

மழை என்று யாராவது சொன்னால் போதும், எங்கள் ஊரில் வானத்தைப் பார்ப்பதற்கு முன்பே பால் கடைக்கு ஓடிவிடுவோம். பெருவெள்ளம் பார்த்த பிறகு சென்னை முழுவதும் வந்துவிட்ட பழக்கம் இது. பால், பிரெட், மெழுகுவத்தி. பிறகு போனுக்கு சார்ஜ் ஏற்றுவது, வீட்டில் இருக்கிற குடம் பக்கெட்டில் எல்லாம் தண்ணீர் பிடிப்பது. கார் வைத்திருப்பவர்கள் அதை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வருவார்கள். என்னிடம் கார் கிடையாது. மந்தைவெளியில் நான் குடியிருக்கும் வீட்டு மாடிப்படியில் சைக்கிளைத் தூக்கிவைப்பேன். தூக்கிவைத்துவிட்டு, இன்னும் இரண்டு படி ஏற்றலாமா என்று நின்று யோசிப்பேன்.

இந்தப் பழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டுத்தான் ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறோம் என்று நினைத்திருந்தேன். அது எங்களுக்கு முன்பே மூட்டைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது.

நாங்கள் மூன்று பேர். ஒருவர் மாமா. எனக்கு உறவில்லை. மயிலாப்பூரில் அவர் தெருவுக்கே அவர் மாமா. ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். சைக்கிளில் ஏறும் முன் பஞ்சாங்கம் பார்ப்பார், ஏறிய பிறகு டயரில் காற்று பார்ப்பார். இன்னொருவர் நொச்சிக்குப்பத்துக்காரர். பல வருஷம் சைக்கிளில் மீன் கூடை வைத்து அடையாறு வரை தெருத்தெருவாக விற்றவர். இப்போது அவர் மனைவி சாலையோரம் கடை போட்டுவிட, மகன் இவருக்குக் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டான். பின்னால் கூடை இல்லாவிட்டால் வண்டி பறந்துவிடும் போலிருக்கிறது என்று சொல்லி, தேவையில்லாத சாமான்களையும் கட்டிக்கொண்டு வருவார். அந்தப் பயணத்தில் ஓர் இட்லிப் பானை மூடி வந்தது. பானை வரவில்லை.

மூன்றாவது ஆள் நான். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பத்தாவது வரை படிப்பு. பேச்சு வராது. பட்டறையில் மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதால்தான் அங்கே இத்தனை வருஷம் நிம்மதியாக இருக்கிறேன். பேருந்தில் ‘இறங்கணும்’ என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து திரும்பியிருக்கிறேன். சைக்கிளில் அந்தத் தொல்லை இல்லை. யாரிடமும் சொல்லாமல் இறங்கிக்கொள்ளலாம்.

மந்தைவெளியில் ஒரு சைக்கிள் கடை வாசலில் பஞ்சருக்காகக் காத்திருந்தபோது எங்களுக்குள் பழக்கம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை போய்வந்தோம். பிறகு மாமா வரைபடத்தை விரித்து, ஜவ்வாது மலை, ஏலகிரி, ஏற்காடு, கொல்லிமலை என்று விரலை ஓட்டினார். விரலுக்கு மூச்சு வாங்கவில்லை, அதனால் நாங்களும் சரி என்றோம். சைக்கிள் சட்டத்துக்கு நடுவே ஒரு பை, சீட்டுக்குக் கீழே ஒரு பை, ஹேண்டில்பாரில் சுருட்டிய தார்ப்பாய். மலை மலையாக ஏறி இறங்கிவிட்டு ரயிலில் வீடு திரும்புவதாகத் திட்டம்.

கார்த்திகை மாதக் கடைசி. அடிவாரத்தில் தங்கிவிட்டு விடியும்போது ஏற ஆரம்பித்தோம். முதல் வளைவிலேயே மழை பிடித்துக்கொண்டது. சென்னை மழை மாதிரி சத்தம் போட்டு மிரட்டும் மழை இல்லை அது. நெடுநாள் தங்கப்போகும் விருந்தாளி மாதிரி நிதானமாக, மூங்கில் புதர்களில் ஒவ்வோர் இலையாக நனைத்துக்கொண்டு வந்தது. பத்தடிக்கு அப்பால் பனிமூட்டம். முன்னால் போகிற மாமாவின் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும். மேலேயிருந்து விழுந்த தண்ணீர் கழுத்து வழியாக இறங்கியது, சக்கரம் வாரி அடித்த தண்ணீர் முதுகு வழியாக ஏறியது. இரண்டும் இடுப்பில் சந்தித்துக்கொண்டன. பிரேக் பிடித்தால் ஏதோ பறவை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஒருமுறை அப்படிக் கத்தியதும் காட்டுக்குள்ளிருந்து நிஜமாகவே ஒரு பறவை பதில் சொன்னது. மிகச் சின்ன கியரில், நடப்பதை விட மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தோம். குப்பத்துக்காரர் மட்டும், இதெல்லாம் அடையாறு பாலத்தில் எதிர்காற்றில் வஞ்சிர மீன் கூடையோடு ஏறுவதற்கு ஈடாகாது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மேலே நெருங்கும்போது ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. எங்களுக்குச் சற்று முன்புதான் விழுந்திருக்க வேண்டும், மண் வாசனை போகவில்லை. சைக்கிள்களை ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தப் பக்கம் கடத்தினோம். பேருந்தோ வேனோ வர வழியில்லை. சாலை துண்டாகிவிட்டது என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.  அதன் பிறகு மூன்று பேரும் வேகமாக மிதித்தோம்.

கொஞ்ச தூரத்தில் ஓர் ஊர். சாலையோரம் ஒரு கடை. உள்ளே ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் கூடையில், காலைப் பேருந்தில் வந்த பால் பாக்கெட்டுகள். எவ்வளவு வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார். எவ்வளவு இருக்கிறது என்று மாமா கேட்டார். அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. மாமா கூடையைக் காலி செய்தார். குப்பத்துக்காரர் பிரெட்டையும் மெழுகுவத்தியையும் அள்ளினார். நான் பேசாமல் தீப்பெட்டிகளைக் கையால் காட்டினேன், எல்லாவற்றையும்.

தண்ணீர் ஏறினால் இங்கே எந்தப் பக்கம் மேடு என்று குப்பத்துக்காரர் விசாரித்தார். அந்த அம்மா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது மலை உச்சி. இங்க தண்ணி வந்து நிக்கணும்னா வேலூரு, திருவண்ணாமல எல்லாம் முழுவணும். அப்ப பாலை வெச்சிக்கினு என்ன பண்ணுவ?”

நியாயமான கேள்விதான். மாமா காதில் வாங்காமல் பாக்கெட்டுகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். வேறு யாராவது பால் கேட்டு வந்தால் என்ன செய்வது என்று எனக்கு ஒரு சந்தேகம். தொண்டை வரை வந்தது. அதற்குள் அந்த அம்மாவே, “எடுத்துக்கோங்க, எல்லாத்தையும் எடுத்துக்கோங்க” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு வியாபாரம் ஆன சிரிப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

எதிரே பள்ளிக்கூடம். விடுமுறை, யாரும் இல்லை. வராந்தாவில் ஒதுங்கினோம். முதல் வேலையாக சைக்கிள்களைத் தூக்கி அங்கிருந்த பெஞ்சுகளின் மேல் வைத்தோம். மாமா மின்சார மெயினை அணைக்கலாமா என்று தேடினார். எல்லாம் முடித்து உட்கார்ந்த பிறகுதான், வராந்தாவிலிருந்து எதிரே பார்த்தால் மேகம் எங்களுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்ததைக் கவனித்தோம். குப்பத்துக்காரர் மேகத்தைப் பார்த்தார், பெஞ்சின் மேலிருந்த சைக்கிளைப் பார்த்தார். பிறகு ஒரு பிரெட் பாக்கெட்டைப் பிரித்தார்.

பாலை என்ன செய்வது? அதற்கும் மாமாவிடம் விதி இருந்தது.

“பாலைக் காய்ச்சாம வெச்சுண்டு இருக்கப்படாது. ஆத்துல அப்படி வெச்சா மாமி என்னை உள்ளேயே விடமாட்டா.”

“குளுர்ல நம்மளே கெட்டுப்போகாம கீறோம், பாலு கெட்டுப்பூடுமா மாமா?” என்றார் குப்பத்துக்காரர்.

ஆனாலும் காய்ச்ச ஆரம்பித்தோம். பட்டறையில் வீணான பித்தளைத் துண்டில் நானே கடைந்த ஸ்பிரிட் ஸ்டவ் ஒன்று என்னிடம் உண்டு. உள்ளங்கை அளவுதான். காற்று வரும் பக்கம் உடம்பைக் கொடுத்து உட்கார வேண்டும், தீயை அடிக்கடி ஒரு தகட்டால் நெருக்க வேண்டும். அது என் கைக்கு மட்டும்தான் பழக்கம். சின்னப் பாத்திரத்தில் பாக்கெட் பாக்கெட்டாகக் காய்ச்சினேன். மாமா வீட்டிலிருந்து கொண்டுவந்த டிகாக்‌ஷனில் காபி கலந்தார். குடித்தோம். மறுபடி காய்ச்சினேன், மறுபடி குடித்தோம். மூன்றாவது சுற்றில் காபி எங்களுக்குக் கடமையாகிவிட்டது. பாக்கெட்டை எடுப்பதற்கு முன் குப்பத்துக்காரர் அதைக் கும்பிட்டார்.

கடைசிப் பாக்கெட்டை ஊற்றி அடுப்பில் வைத்திருந்தேன். ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ்கள். அப்போது உரச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். முப்பது வயதிருக்கும். மழையில் கால் வழுக்க, வராந்தாத் தூணைப் பிடித்து நின்றாள்.

“அண்ணா, பால் ஏதாவது மிச்சம் இருக்குதா? பச்சைப் பால்.”

மூச்சு வாங்க அவள் சொன்னதிலிருந்து இவ்வளவு விளங்கியது. இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய புது வீட்டுக்கு இன்று பால் காய்ச்ச வேண்டும். பத்தரைக்குள் நல்ல நேரம். கடை அவளுடைய மாமியாருடையது. சொந்தக் கடைதானே, இந்த ஊரில் என்றைக்குப் பால் தீர்ந்திருக்கிறது என்று முன்கூட்டி எடுத்துவைக்கவில்லை. போய்க் கேட்டால், மூன்று மெட்ராஸ்காரர்கள் எல்லாவற்றையும் வாங்கிப் போய்விட்டார்கள் என்று மாமியார் சொல்லிவிட்டார். வீட்டு மாடு சினை, பால் வற்றிவிட்டது. மற்ற வீடுகளில் கறந்தது விடியும் முன்பே பால் சொசைட்டி வண்டியில் போயாயிற்று. புருஷன், சொந்தக்காரர்கள், புது கேஸ் சிலிண்டர் எல்லாம் விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம்.

அடுத்த நல்ல நாளில் வைத்துக்கொள்ளலாமே என்று குப்பத்துக்காரர் ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

“இன்னியோட கார்த்திகைல நல்ல நாள் முடிஞ்சிது. மார்கழில குடி போகக் கூடாது. தை பொறக்கணும். அது வரைக்கும் எங்க அத்தை கூட ஒரே அடுப்புல சமைக்கணும் அண்ணா.” அவள் நிறுத்தி, மெதுவாகச் சேர்த்தாள். “நான் உப்பு போட்ட பின்னாடி, அவங்க வந்து போடுவாங்க.”

மாமாவின் முகம் மாறிவிட்டது. அவருக்கும் ஒரே அடுப்பில் இரண்டு பேர் சமைத்த வீடு தெரியும் போலும். நான் சட்டென்று பாத்திரத்தைத் தூக்கிவிட்டேன். கை சுட்டது.

“கொதிச்சுடுத்தா?” என்று மாமா குனிந்து பார்த்தார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். சூடான பால் ஆகுமா ஆகாதா என்று ஒரு விசாரணை நடந்தது. அடுப்பில் ஏறிவிட்ட பாலை எப்படிப் பச்சைப் பால் என்பது என்று அந்தப் பெண்ணுக்கே சந்தேகம். மாமா கண்ணை மூடித் திறந்து தீர்ப்புச் சொன்னார்.

“பொங்கலையே! பொங்காத வரைக்கும் அது பச்சைப் பால்தான். அடுப்பு கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சுடுத்து, அவ்வளவுதான்.”

அடுத்து ஊர்வலம். புது வீடு சாமை வயலுக்கு அந்தப் பக்கம், சேற்று வழி. மாமாவும் குப்பத்துக்காரரும் தார்ப்பாயை இரண்டு பக்கமும் தலைக்கு மேல் பிடித்தார்கள். நடுவில் நான் இரு கையிலும் பால் பாத்திரத்தோடு. அதன் மேல் அந்த இட்லிப் பானை மூடி. அத்தனை தூரம் அதைச் சுமந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில், “பாத்தியா நைனா, பாத்தியா” என்று குப்பத்துக்காரர் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். மாமா உயரம், அவர் குள்ளம். தார்ப்பாயில் சேர்ந்த தண்ணீர் முழுவதும் அவர் பக்கமே கொட்டியது.

சின்னக் காங்கிரீட் வீடு. புதுச் சுண்ணாம்பு வாசனை. உள்ளே நான்கைந்து பெண்கள். கூடத்தில் மூன்று செங்கல் வைத்து அடுப்பு. சின்னப் புதுப் பானையில் பாலை ஊற்றினார்கள். விறகு நனைந்திருந்தது. ஊதினார்கள், விசிறினார்கள். புகை வந்ததே தவிர, நெருப்பு வரவில்லை. யாரோ நேரம் என்ன என்று கேட்டார்கள்.  அந்தப் பெண் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் வந்த தண்ணீரை, பழியைப் புகை மேல் போட்டுத் துடைத்தாள்.

கிளம்பும்போது அணைத்துப் போட்டுக்கொண்ட ஸ்டவ் என் சட்டைப் பையில் இருந்தது. இன்னும் கொஞ்சம் சூடாகக்கூட இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. அதோடு கூடத்தின் நடுவில் நானும் உட்கார வேண்டும். அத்தனை பெண்களும் என்னையே பார்ப்பார்கள். என் கல்யாணத்தில்கூட நான் அப்படி நடுவில் உட்காரப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாமாவைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே சுவரைப் பார்த்தார். குப்பத்துக்காரர் என் முதுகில் கையை வைத்து லேசாகத் தள்ளினார். மீன் கூடை தள்ளிய கை. நான் நடுவில் போய் விழுந்தேன்.

உட்கார்ந்து பற்றவைத்தேன். செங்கல்லை நெருக்கி வைத்தேன். வாசல் காற்றுக்கு முதுகைக் கொடுத்தேன். பானை கனம், தீ சின்னது. காபிக்கு வைத்தபோதெல்லாம் பால் எவ்வளவு சீக்கிரம் கொதித்தது! இப்போது அது ஆடாமல் அசையாமல் என்னைப் பார்த்தது. பால் கிழக்கே பார்த்துப் பொங்க வேண்டும் என்று மாமா திடீரென்று நினைவுபடுத்தினார். வெயில் இல்லாத இடத்தில் கிழக்கு எது என்று போனில் தேடவும் ஆரம்பித்தார்.

“கெழக்கு எங்கயும் போவல. மாட்டுக்கொட்டாய் பக்கம்தான் எப்பவும் இருக்குது” என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

கடைக்கார அம்மா. மழையில் நனைந்துகொண்டு, முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். அடுப்பில் பானையைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு திகைப்பு. மருமகள் திரும்பிப் பார்த்தாள். 

நான் தகட்டை நகர்த்தித் தீயை ஒடுக்கிக் குவித்தேன். மாட்டுக்கொட்டகைப் பக்கத்துச் செங்கல் ஒரு நூல் தாழ்ந்திருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். பாலில் ஒரு சுருக்கம் விழுந்தது. நடுவில் ஒரு மேடு. மேடு மெல்ல உயர்ந்தது, தயங்கியது, பிறகு ஒரேயடியாகப் பானை விளிம்பைத் தாண்டிக் கிழக்கே கொட்டி என் ஸ்டவ்வை நனைத்து அணைத்துவிட்டது. முதல் குலவை வாசலிலிருந்துதான் வந்தது. அந்த மாமியார்தான் போட்டார். மற்றப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்தில் நான் நழுவி வெளியே வந்துவிட்டேன்.

உள்ளே எல்லோருக்கும் பால் கொடுத்தார்கள். ஒருவழியாகப் பற்றிக்கொண்ட விறகில் சாமைச் சோறும் குழம்பும் தயாராகிக்கொண்டிருந்தன. கூரைத் தண்ணீரில் நான் ஸ்டவ்வைக் கழுவிக்கொண்டிருந்தபோது மாமியார் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முந்தானையைப் பிரித்தார். உள்ளே இரண்டு பால் பாக்கெட்.

“நீ பேசாத ஆளு. அதான் உன்கிட்ட சொல்றேன். உங்களுக்குக் குடுக்கிறப்பவே இதை எடுத்து ஒளிச்சி வெச்சிட்டேன்.”

நான் விழித்தேன்.

“அவ வந்து கேட்டா. தீந்துபோச்சுன்னேன். ‘அத்தே, இப்ப என்ன பண்றது’ன்னு ஒரு வார்த்தை கேப்பான்னு பாத்தேன். கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன். சரின்னு திரும்பி, முன்ன பின்ன தெரியாத உங்ககிட்ட ஓடிட்டா. சரி, நாமளே கொண்டுபோய்க் குடுப்போம்னு வந்தா, நீ நடுவீட்டுல உக்காந்து அடுப்பு எரிக்கிற.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அதற்குள் மருமகள் டம்ளரோடு வெளியே வந்துவிட்டாள். பாக்கெட்டுகள் மறுபடி முந்தானைக்குள் போயின. மாமியார் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். சர்க்கரை கம்மி என்றார். மருமகள் அதை எதிர்பார்த்தவள் போலச் சிரித்தாள். நாளைக்குப் பால் வேண்டுமென்றால் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும் என்று மாமியார் கறாராகச் சொன்னார்.

“நான் எதுக்கு சொல்லணும்? நீங்களே தெனம் காலைல கொண்டாந்து குடுங்க அத்தே. குடுத்துட்டு இங்கயே டீ குடிச்சிட்டுப் போங்க. சக்கரை நீங்களே போட்டுக்கோங்க.”

 மாமியார் டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். பெஞ்சின் மேலிருந்து சைக்கிள்களை இறக்கும்போது கடையிலிருந்து அந்த அம்மா வந்தார். மாமா ஷூ நாடாவோடு போராடிக்கொண்டிருந்தார், குப்பத்துக்காரர் இட்லி மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் சட்டத்துப் பையின் ஜிப்பைத் திறந்து அந்த இரண்டு பாக்கெட்டுகளையும் உள்ளே தள்ளி மூடிவிட்டு, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி உதட்டில் விரலை வைத்தார்.

மழை விடவில்லை. மலையின் அந்தப் பக்கம் இறங்கி, மாலையில் ஒரு சத்திரத்தில் ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தோம். மாமா காற்றடிக்கும் பம்ப்பைத் தேடி என் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு பாக்கெட்டை வெளியே எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

“இதேதுடா?”

இருவரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பெண் மழையில் ஓடிவந்து கெஞ்சியபோது என் பையில் பால் இருந்ததா என்று கேட்டது அவர்கள் பார்வை. உண்மையைச் சொல்லிவிட்டால் என் மானம் காப்பாற்றப்படும். ஆனால் நான் பேசாத ஆள் என்று நம்பி ஒருவர் சொல்லியிருக்கிறார். அன்று முழுவதிலும் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதன் பிறகு வந்ததுதான்.

“வர்ற வழியில ஒரு கடையில, மழை வருமோன்னு வாங்கி வெச்சேன்.”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார். குப்பத்துக்காரர் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எங்க ரெண்டு பேரையும் வுட நீதான் நைனா அசல் மெட்ராஸ்காரன்.”

நான் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். திரியோரம் ஒட்டியிருந்த பால் முதலில் கருகி, அந்தப் புது வீட்டின் வாசனை வந்தது.